நாலு ராடுக்கு நடுவே

பாக்யலட்சுமி ஒரு எந்திரத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள். போன மாசியில் அவள் காலமானபோது குரும்பலூர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கதையைத்தான் பேசினார்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறாகச் சொன்னார்கள். ஒருவர் எந்திரத்தைச் சுத்தியலால் அடித்துச் சரிசெய்தாள் என்றார். இன்னொருவர், விரதம் இருந்தாள் என்றார். இரண்டும் இல்லை. நடந்தது இதுதான்.

அவள் பிறந்தது அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையத்தில். அப்பா ராசாங்கம் சிமெண்ட் ஆலையில் தூசி பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். சூளையிலிருந்து வரும் புகை, வெளியே போகுமுன் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு உயரமான இரும்புத் தகடுகளுக்கு நடுவே போகவேண்டும். அங்கே கம்பிகள் வழியாக ஏற்றப்படும் மின்சாரம் தூசிக்கும் ஏறி, தூசியெல்லாம் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தூசியை உதிர்க்கச் சுத்தியல்கள் தானாக எழும்பி விழும். டங்... டங்... அந்தச் சத்தத்தில்தான் அவள் தூங்கினாள், பாடம் படித்தாள். சத்தம் நின்றால் தூசி வெளியே வந்துவிடும் என்று அம்மா எழுந்துபோய்க் கொடியில் காய்கிற துணியை எடுத்து உள்ளே போட்டுவிடுவாள்.

அரியலூரில் வேதியியல் படித்து, திருச்சியில் மேல்படிப்பும் முடித்தாள். குரும்பலூர் முத்துவேலுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருக்குச் சோளமும் சின்ன வெங்காயமும் வெள்ளாமை. "எம் பொண்டாட்டி படிச்ச படிப்புக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்று அவரே நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான், பெரம்பலூர் துறையூர் ரோட்டில் காதர் பாட்சா ஒரு பரிசோதனைக்கூடம் திறந்தார்.

காதர் பாட்சா லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாய்க் காய்கறிச் சந்தையில் இளமையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். இங்கிருந்து சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தவருக்கு, ஒருமுறை பூச்சிமருந்து கூடுதல் என்று சொல்லி ஒரு கண்டெய்னர் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அந்தக் கோபத்தில், ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி ஒதுக்கிய துகள்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் பழைய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை வாங்கி வந்து மாடியில் இறக்கினார். கீழே உரக்கடை. "கீழ வெசத்த விக்கிறாங்க, மேல அதத் தேடுறோம்" என்பாள் சுகன்யா. கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பாக்யலட்சுமிக்கு அடுத்து இருந்த ஒரே ஆள் அவள்தான்.

எந்திரம் வந்திறங்கிய வாரமே பாய் வந்து நின்றார்.

"ஏம்மா பாக்கியம், இம்புட்டுப் பெரிய பொட்டில வேல பாக்குறது எது?"

பக்கமூடியைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் காட்டினாள். உள்ளங்கை நீளத்தில், பென்சில் பருமனில் நாலு உலோகத் தண்டுகள். ஒன்றையொன்று தொடாமல், நாலு மூலையில் நிற்பதுபோல், இரண்டு பீங்கான் வளையங்களில் பூட்டியிருந்தன.

"இந்த நாலு குச்சிக்கா நான் வேன் புடிச்சு ஐதராபாத்து போனேன்?"

"நாலு குச்சி இல்ல பாய். அதுக்கு நடுவுல இருக்கு பாருங்க எடம், அதுக்குத்தான் போனீங்க."

பாய்க்கு விளங்கவில்லை. அவருடைய வெங்காயக் களத்துக்கே அவரை அழைத்துப்போனாள். அங்கே நாலு பெண்கள் தார்ப்பாயின் நாலு முனையையும் பிடித்து, எதிரெதிர் முனைகளை மாற்றி மாற்றித் தூக்கி உதறிக்கொண்டிருந்தார்கள். சருகு துள்ளிப் பறந்தது. தார்ப்பாயை லேசாகச் சாய்த்துப் பிடித்திருந்ததால் மண்கட்டியும் கல்லும் ஓரமாய் உருண்டு விழுந்தன. வெங்காயம் மட்டும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுத்தான் பாய். மருந்துத் துகள மொதல்ல ஒடச்சு அதுக்குக் கரண்டு ஏத்திடுறோம். முன்னாடி இருக்குற தகடுங்க அத ஒழுங்காக் கூட்டி ராடுக்கு நடுவுல அனுப்பிவிடும். நாலு ராடும் மாத்தி மாத்தி இழுக்கும், தள்ளும், நொடிக்குப் பத்து லட்சம் தடவ. அதுதான் உதறல். கூடவே கொஞ்சம் மாறாத கரண்டும் இருக்கு, அதுதான் சாய்ப்பு. லேசானது துள்ளிப் போயி ராடுல முட்டிக்கும். கனமானது சாஞ்சு போயி முட்டிக்கும். நாம எந்த எடை வேணும்னு கேட்டமோ அது மட்டும் நடுவால ஆடி ஆடிப் போயி அந்தப் பக்கம் சேந்துரும். அங்க ஒக்காந்து எண்ணிக்கிறோம்."

"முட்டுனதெல்லாம்?"

"உலோகத்துல பட்ட ஒடனே அதோட கரண்ட விட்டுப்புட்டு வெறும் காத்தாயிரும். பம்பு இழுத்துக்கும்."

பாய் தார்ப்பாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தார்ப்பாய் பிடித்திருந்த ஒரு பெண்ணிடம், "இந்தாம்மா, நீ இன்னைலேருந்து ராடு" என்றார். களமே சிரித்தது.

அதன்பிறகு கூடம் நன்றாகவே ஓடியது. பாயின் சரக்கோடு மற்ற ஏற்றுமதிக்காரர்களின் சாம்பிளும் வந்தது. பாக்யலட்சுமி காலையில் வந்ததும் முதலில் ட்யூன் போடுவாள். எடை தெரிந்த ஒரு சோதனை வாயுவை உள்ளே விட்டு, அது உடைந்ததும் லேசு, நடு, கனம் என்று ஊசிபோல மூன்று கோடுகள் திரையில் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் அது. மூன்றும் நின்றால்தான் அவளுக்கு அன்றைய காப்பி இறங்கும்.

அப்படியிருக்க ஒரு ஆயுத பூஜை வந்தது. அதற்கு முந்தின நாள் சென்னையிலிருந்து சர்வீஸ் என்ஜினீயர் பிரேம், துகள்களை எண்ணும் டிடெக்டர் தேய்ந்துபோனதால் அதை மாற்ற வந்திருந்தார். அதற்கு நாலு ராடையும் வளையத்தோடு ஒரே கட்டாக வெளியே எடுக்கவேண்டியிருந்தது. வேலை மறுநாளுக்கும் நீண்டது. பூஜை வேளையில் அந்த நாலு ராடும் மேசைமேல் அலுமினியத் தாளில் பளபளவென்று படுத்துக்கிடந்தன.

பொரி, கடலை, பழம் எல்லாம் பாய்தான் வாங்கி அனுப்புவார், வருஷா வருஷம். சுகன்யா தராசுக்கும், பம்புக்கும், கணினிக்கும், ஜெராக்ஸ் எந்திரத்துக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். மேசை அருகே வந்ததும் பிரேம் பாய்ந்து குறுக்கே நின்றார்.

"ஐயோ சிஸ்டர், இதுல வேணாம். கை ரேகை பட்டாலே போச்சு."

சுகன்யா எந்திரத்தின் மூடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் பாக்யலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. தராசுக்கு உண்டு, ஜெராக்ஸுக்கு உண்டு, நிஜமாக வேலை பார்க்கிற நாலு பேருக்கு மட்டும் இல்லையா? பிரேம் பொரி சாப்பிடப் போன நேரம் பார்த்து, சந்தனத்தை நுனிவிரலில் தொட்டு, ராடைத் தொடாமல், பீங்கான் வளையத்தின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். படித்தவள் அல்லவா? பீங்கானில் மின்சாரம் ஓடாது, அங்கே எது இருந்தால் என்ன என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தாள். அன்று சாயங்காலம் பிரேம் கட்டைப் பூட்டி, மறுநாள் காலை ட்யூன் பார்த்து, மூன்று ஊசியும் நிற்பதைக் காட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

சில வாரங்களில் கனமான ஊசி குள்ளமாக ஆரம்பித்தது. கார்த்திகை பிறந்தபோது அதன் நுனி பாம்பு நாக்குப்போல இரண்டாகப் பிளந்து நின்றது. லேசான மருந்துகள் தெரிந்தன. கனமானவை மண்ணில் விழுந்த தண்ணீர்போல மறைந்தன. அந்த நேரம் பார்த்தா வரவேண்டும் பரீட்சை சாம்பிள்! அங்கீகாரம் தொடரவேண்டுமானால் ஒவ்வொரு கூடத்துக்கும் இப்படி ஒன்று வரும். எந்த மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லாமல் ஒரு பொடியை அனுப்பிவிடுவார்கள். மாதக் கடைசிக்குள் கண்டுபிடித்து எழுத வேண்டும். தவறினால் அங்கீகாரம் போகும். அங்கீகாரம் போனால் கூடத்தின் சான்றிதழை எந்தத் துறைமுகமும் ஏறெடுத்துப் பார்க்காது.

பிரேம் மறுபடி வந்தார். துகளுக்குக் கரண்டு ஏற்றும் இழையை மாற்றினார், முன் தகடுகளைத் துடைத்தார், டிடெக்டரைச் சோதித்தார். எல்லாம் செய்தும் ஊசி எழவில்லை.

"மேடம், குவாட், அதான் இந்த நாலு ராடு, போயிடுச்சு. பழைய மெஷின், ராடு தேஞ்சிருக்கும். புதுசு வெளிநாட்டுலேர்ந்து வரணும். அதுக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கிடலாம்."

பாய் அன்று இரவே பெங்களூருக்குப் போன் போட்டார். மறுநாள் வந்து, நாற்காலியில் உட்காராமலே சொன்னார். "பெங்களூர்ல ஒரு ஆளு உதிரிக்கு எடுத்துக்கிறேங்கிறான். சனிக்கெழம வண்டி வருது. ஒன்னோட வேல பத்தி நான் பாத்துக்கிறேன், வெங்காய ஆபீஸ்ல கணக்குப் பாரு. எனக்கு மட்டும் என்ன சந்தோசமா பாக்கியம்?"

அவள் தலையை ஆட்டினாள். கணக்குப் பார்ப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூடத்தை விட்டால், தான் படித்ததை வைத்து அவள் வாழ வேறு இடம் கிடையாது. அது அவளுக்குத் தெரியும், முத்துவேலுக்குத் தெரியும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாய்க்கும் தெரியும்.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊர் முழுக்க மின்தடை. பேட்டரியில் இருக்கும் கரண்டு பம்புக்கு மட்டும் போதட்டும் என்று ராடுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவைத்தாள். பிற்பகல் கரண்டு வந்ததும், வேறு வேலை இல்லாததால், ட்யூன் போட்டாள்.

மூன்று ஊசி. கனமானதும் சேர்ந்து, நெட்டையாக.

"அக்கா!" என்று சுகன்யா கத்தினாள். "ரெஸ்ட்டு கெடச்சதும் எந்திரிச்சிருச்சுக்கா!"

இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஊசி தளர்ந்தது, குறுகியது, நுனி பிளந்தது. பழையபடி.

"போச்சு" என்றாள் சுகன்யா.

"வந்துச்சுடி" என்றாள் பாக்யலட்சுமி. "தேஞ்ச ராடு தூங்கி எந்திரிச்சா வளருமா?"

மறுபடி அணைத்தாள், காத்திருந்தாள், போட்டாள். ஊசி எழுந்தது, விழுந்தது. இன்னொரு தடவையும் அப்படியே. தேய்மானம் இப்படி விளையாடாது. ஏதோ ஒன்று நிறைகிறது, ஓய்வு கிடைத்தால் வடிகிறது. எது நிறைகிறது? எங்கே நிறைகிறது? பஸ்ஸில் வரும்போதும் அதே யோசனை.

வீட்டில் அடுப்படியில் தோசைக்கல்லில் பழைய கருகல் ஒட்டியிருந்தது. கரண்டியால் சுரண்டினாள். எழவில்லை. கரண்டியின் முனையால் தட்டினாள். டங்... டங்...

கை அப்படியே நின்றது.

ரெட்டிபாளையத்துச் சுத்தியல்கள். அவை ஏன் விழவேண்டும்? தகட்டில் தூசி ஏடாகப் படிந்துவிட்டால், அடுத்து வருகிற தூசியின் மின்சாரம் இரும்புக்குள் இறங்க வழியில்லாமல் மேலேயே தங்கிவிடும். தங்கிய மின்சாரம் வருகிறதைத் தள்ளிவிடும். பாயிடம் அவள் என்ன சொன்னாள்? உலோகத்தில் பட்டவுடனே கரண்டை விட்டுவிடும் என்று. உலோகத்தில் பட்டால்தானே! ராடின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருந்தால்? முட்டிய துகள்கள் கரண்டை விட இடமில்லாமல் படலத்தின் மேலேயே குவியும். குவிந்தது நடுவில் போகிறவற்றைத் தள்ளும். நடுவில் அதிக நேரம் ஊர்ந்துபோகிற கனமானதுதான் முதலில் வழி தவறும். அணைத்துவைத்தால் குவிந்தது மெல்லக் கசிந்து வடியும், ஊசி எழும்.

"ஏங்க!" என்று வாசலுக்கு ஓடினாள். "ராடு தேயலைங்க! மேல தோல் வளந்திருக்கு!"

மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த முத்துவேல் பதறிப்போய், "யாருக்குடி?" என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகப் பாயைப் பிடித்தாள். திறந்து கழுவிப் பார்க்கிறேன் என்றாள்.

"நீ கழுவி ஒடஞ்சு போச்சுன்னா?"

"சனிக்கெழம உதிரிக்குத்தானே போவுது பாய்?"

பாய் தாடியைத் தடவினார். "அதுவும் சரிதான். விக்கப்போற மாட்டக் குளிப்பாட்டி அனுப்புறதுல தப்பில்ல. செய்யி."

பிரேமுக்கும் போன் போட்டுச் சொன்னாள். அவர் அலறினார். "மேடம், தயவுசெஞ்சு ஒரு ஸ்க்ரூவக்கூடத் தளர்த்தாதீங்க. நாலு ராடுக்கும் நடுவுல இருக்குற எடைவெளி முடியளவு பிசகினாலும் சாமியே வந்தாலும் திருப்ப முடியாது. தொடைக்கவும் கூடாது. கோடு விழும்."

"கழட்டமாட்டேன் சார், தொடைக்கமாட்டேன். குளிக்கத்தான் வெக்கப்போறேன்."

வெற்றிடத்தை மெல்ல விடுவித்து, கையுறை மாட்டி, கட்டை முழுசாக உருவி எடுத்தாள். ராடுகள் எப்போதும்போலப் பளபளத்தன. சுகன்யா டார்ச் அடித்தாள். ஒன்றும் தெரியவில்லை. திருப்பினாள். பீங்கான் வளையத்தின் அடியில், வெள்ளையில், சின்னதாகப் பழுப்பாக ஒரு வட்டம்.

பாக்யலட்சுமி குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா அது?"

"பொட்டு."

"என்ன பொட்டு?"

"நான் வெச்ச பொட்டுடி."

கடைச் சந்தனம். வாசனைக்கு எண்ணெய் கலந்தது. வேலை நடக்கும்போது அந்த வளையம் இட்லிப் பானையைவிட அதிகமாகச் சுடும், சுற்றிலும் வெற்றிடம். எண்ணெய் ஆவியாகிப் போக வேறு எங்கும் வழியில்லை. பக்கத்திலிருக்கும் ராடில் போய்த்தான் படிந்திருக்கிறது. பீங்கானில் மின்சாரம் ஓடாது என்று அவள் போட்ட கணக்கு சரி. எண்ணெய் ஓடும் என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கழுவிட்டா தெரியாதுக்கா. பாய்க்குச் சொல்ல வேணாம்" என்றாள்.

"அவரு மெஷினு. அவருக்குத் தெரியணும்" என்று பாக்யலட்சுமி போனை எடுத்தாள். சொன்னாள்.  பாய் கேட்டார்: "அந்தப் பூசைக்குப் பொரி வாங்கித் தந்தது நான்தானே?"

"ஆமா பாய்."

"அப்ப எனக்கும் இதுல பங்கு இருக்கு. போயி குளிப்பாட்டும்மா."

உயரமான கண்ணாடிக் குடுவையில் கட்டை நிமிர்த்தி நிறுத்தினாள். எண்ணெய்க்கு முதலில் ஹெக்சேன், பிறகு அசிட்டோன், கடைசியில் மெத்தனால். ஊறவிடுவாள், மெல்லச் சாய்ப்பாள், திரவத்தை மாற்றுவாள். இங்கே சுத்தியல் ஆகாது. உலுக்கினாலே இடைவெளி பிசகிவிடும். கைக்குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் போட்டுவிடுகிறவள் போல இருந்தாள் என்று சுகன்யா பின்னாளில் சொல்வாள். மெத்தனாலில் மூன்றாவது முறை ஊறிய பிறகு வளையம் வெள்ளை வெளேரென்று இருந்தது. காயவைத்து, வெள்ளிக்கிழமை மதியம், பாய் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் பூட்டினாள். பம்பு உறுமத் தொடங்கியது. உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் இழுத்து முடிக்க மறுநாள் காலையாகும்.

சனிக்கிழமை காலை அவள் வரும்போதே உரக்கடை வாசலில் பெங்களூர் வண்டி நின்றது. கயிறும் சாக்குமாக மூன்று பேர் மாடிக்கு ஏறி வந்தார்கள். பாயும் பின்னாலேயே வந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்று அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்தாள். ட்யூன் போட்டாள்.

லேசு எழுந்தது. நடு எழுந்தது. கனமான ஊசி, பிளவில்லாமல், சீவிய பென்சில்போல எழுந்தது.

 எழுவது எப்போதும் எழுகிறதுதானே. நிற்க வேண்டுமே. ஒரு டீ நேரம் போனது. ஊசி நின்றது. பாய் வண்டிக்காரர்களுக்கு டீ வரவழைத்தார். அவர்கள் குடித்து முடித்தார்கள், ஊசி நின்றது. அவர்களில் ஒருவர் எழுந்துவந்து திரையைப் பார்த்து, "இது அசையவே மாட்டேங்குதே, ரிப்பேரா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றாள் பாக்யலட்சுமி. கண்ணில் நீர் வழிந்து, அப்படியே சிரித்தாள். "இதுக்குப் பேருதான் நல்லா இருக்குறது."

பாய் மேலே பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு வண்டிக்காரர்களிடம் திரும்பி, "வண்டிய காலியாத் திருப்பி அனுப்புனா நல்லா இருக்காது. வாங்க, நல்ல வெங்காயமா ஏத்தி விடுறேன்" என்று கீழே அழைத்துப்போனார். படியில் இறங்கும்போதே அவர் யாருக்கோ போன் போட்டுக் கத்துவது கேட்டது: "எந்திரிச்சிருச்சுப்பா! நம்ம பாக்கியம் எந்திரிக்க வெச்சிருச்சு!"

அன்றே பரீட்சைப் பொடியைக் கரைத்து ஏற்றினாள். மறைந்துகொண்டிருந்த கனமான மருந்துகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கெடு முடியுமுன் முடிவு போய்ச் சேர்ந்தது. தை மாதம் பதில் வந்தது. எல்லாம் சரி, ஒன்றுகூடத் தப்பில்லை. பாய் அந்தக் காகிதத்தைப் படியெடுத்துக் கூடத்தில் ஒன்று, உரக்கடையில் ஒன்று, வெங்காயக் களத்தில் ஒன்று என்று ஒட்டினார். களத்துப் பெண்களுக்கு அதைத் தார்ப்பாயோடு சேர்த்து விளக்கினார், தானே கண்டுபிடித்தது போல.

பிரேமும் அழைத்தார். "மேடம், மதுரைல ஒரு லேப்ல இதே கேஸ். ஊசி ரெஸ்ட் குடுத்தா எழுந்திருக்குது, அப்புறம் விழுது. எப்படிக் குளிப்பாட்டுனீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"மொதல்ல அவங்க எங்க பொட்டு வெச்சாங்கன்னு கேளுங்க சார்" என்றாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவளே சந்தனக் கிண்ணத்தோடு எந்திரத்தின் முன் நின்றாள். பாய் பொரி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"எங்கேம்மா வெக்கப்போறே?"

"வெளில பாய். வெளி மூடில."

"நல்லாப் பெருசா வையி. உள்ள இருக்குறவங்களுக்கும் சேத்து."

பெரிதாகத்தான் வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே இடம். இந்த வருஷம் சுகன்யா வைத்தாள். வைத்துவிட்டு, அக்கா செய்வதுபோலவே, கை கழுவி வந்து ட்யூன் போட்டாள். மூன்று ஊசியும் நின்றன. காப்பி குடித்தாள்.